மகளை விசேட கல்வி அலகுக்கு அனுப்பிய ஏழு வருடங்கள்: நல்லதும் குறையும்

வன்னியில் ஒரு அரச பாடசாலையில் இருக்கிற விசேட கல்வி அலகை, அதாவது வலுவிழப்புள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பைப் பற்றிய என் கருத்து இது. பாடசாலையின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அந்தக் குறைகள் அந்த ஒரு பாடசாலைக்கு மட்டும் உரியவையும் அல்ல. கிளிநொச்சி மாவட்டம், ஏ9 வீதியிலிருந்து உள்ளுக்கு, இரணைமடு வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் இளைய மகளுக்கு 13 வயது, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. 2019 தை மாதத்தில் அங்கே சேர்த்தேன், இது ஏழாவது வருடம்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை அனுப்புங்கள். ஐந்து வயதிலேயே அனுப்புங்கள், கொஞ்சம் கதைக்கட்டும், கொஞ்சம் நடை சீராகட்டும் என்று வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், அந்தக் கதையும் நடையும் வருவதற்குத்தான் அங்கே அனுப்புகிறோம். ஆனால் சேர்க்கப் போகும்போது கட்டடத்தையும் சுவரில் கீறியிருக்கிற முயலையும் வாத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். “ரீச்சர் வராத நாளில பிள்ளையள் என்ன செய்வினம்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தெரியாமல் போனதால் என் பிள்ளைக்கு எட்டு மாதம் வீணாகப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை எழுத வைத்தது போன மாதம் முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. தெரிந்தவர் ஒருவர் என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். மகனுக்கு ஏழு வயது, ஓட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. “அக்கா, அங்க விட்டா பிள்ளைக்கு அடிப்பினமோ?” என்றுதான் அந்தத் தாய் முதலில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

எங்களையும் முதலில் திருப்பித்தான் அனுப்பினார்கள். 2018இல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பாடசாலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அதிபர் கதிரை தந்து மரியாதையாகத்தான் இருத்தினார். பிறகு, “அம்மா, இந்தப் பிள்ளை இங்க இருந்தா மற்றப் பிள்ளையள் குழம்பிவிடுவினம், உங்களுக்கும் கஷ்டம்” என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். இன்றைக்கென்றால் வந்திருக்க மாட்டேன். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளைக்குப் பாடசாலை கட்டாயம், முன்பு 14 வரை இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில், வலுவிழப்பைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றாற்றலுடையோர் உரிமைகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இதெல்லாம் எனக்குப் பின்னாளில் ஒரு கூட்டத்தில் தெரியவந்தது. அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்த எனக்கு ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். உங்களையும் ஒருவர் திருப்பி அனுப்பினால் சண்டை பிடிக்க வேண்டாம், “எழுத்தில தாங்கோ சேர்” என்று மட்டும் கேளுங்கள்.

அந்த வருட முடிவில், 2018 டிசம்பரில், இரணைமடுக் குளம் நிரம்பி வெள்ளம் வந்தது நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். அதில் பிள்ளையின் கிளினிக் கொப்பி, இதயத்தில் ஓட்டை என்று கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தந்த துண்டுகள், எல்லாம் ஊறிப் பிய்ந்துபோயின. விசேட அலகில் சேர்க்க வைத்திய அறிக்கை கேட்பார்கள் என்று கேள்விப்பட்டு, அறிக்கை இல்லையே என்று இன்னும் ஒரு மாதம் போகாமல் இருந்தேன். கடைசியில் ஒரு நாள் வெறுங்கையோடு போனபோது அந்த அலகின் ரீச்சர் சொன்னது, “பிள்ளையை நாளைக்கே விடுங்கோ, காகிதத்தை ஆறுதலா எடுப்பம்.” பிறப்புச் சான்றிதழ் பிரதி மட்டும் வாங்கினார். அவர் அப்படிச் சொன்னபடியால்தான் நான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். (வன்னியில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு சொல்: பிள்ளையின் அறிக்கைகளைப் படம் எடுத்துத் தொலைபேசியிலும் இன்னொருவரின் தொலைபேசியிலும் வைத்திருங்கள். இடம்பெயர்ந்த சனம் நாங்கள், காகிதம் தொலைவதைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, என்றாலும் திரும்பத் திரும்பத் தொலைத்துவிடுகிறோம்.)

அலகு என்றால் ஒரு மண்டபத்தின் ஒரு மூலை. பாதிச் சுவர், மேலே கம்பி வலை, நல்ல காற்று வரும், மாரியில் சாரலும் வரும். நாங்கள் சேர்ந்தபோது 11 பிள்ளைகள், பிறகு 14 வரை போனது. ஆறு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே அறையில். ஓட்டிசம் உள்ளவர்கள், காது கேளாத இருவர், மூளை வாதத்தால் கையும் காலும் இறுகிய ஒரு பையன், மெதுவாகப் படிக்கிறவர்கள், என் மகளைப் போல ஒன்றிரண்டு பேர். இத்தனை விதமான பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர். ஒரு ரீச்சரிடம் இப்படிக் கேட்பது நியாயமா என்றால் இல்லை. ஆனாலும் அவர் செய்தார்.

மகளுக்கு எழுத்துத் தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கியபோது ஐயர் அவளின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவித்தார், அதற்குப் பிறகு நானும் வீட்டில் ‘அ’வையே இரண்டு வருடம் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் பென்சிலை எறிந்துவிடுவாள். ரீச்சர் ‘அ’வைத் தொடவே இல்லை. ‘ட’வில் தொடங்கினார். ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்துக்கு, முடிந்தது. பிறகு ‘ப’, பிறகு ‘ம’. வளைவு உள்ள எழுத்துகள் எல்லாம் பிறகு. இந்தப் பிள்ளைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும், விரலில் பிடிமானம் குறைவு, ‘அ’வின் சுழி அவர்களுக்கு ஒரு மலை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அதுவும் பென்சிலில் இல்லை, முற்றத்து மணலில், பிறகு ஈரத் துணியால் கரும்பலகையில், பிறகு குண்டுச் சோக்கு, கடைசியாகத்தான் பென்சில். அவளின் பெயர் நான்கு எழுத்து. அதை எழுத ஒரு வருடமும் இரண்டு மாதமும் எடுத்தது. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

எழுத்தை விட எனக்குப் பெரிதாகப் பட்டது மற்ற விசயங்கள். சட்டைத் தெறி பூட்டுவது. முதலில் பெரிய கோட்டுத் தெறி ஒன்றைச் சாக்குத் துணியில் தைத்து அதில் பழக்கி, பிறகு சின்னத் தெறிக்கு வந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது, மூடுவது, தண்ணீர்ப் போத்தலைச் சாயாமல் பிடிப்பது. வகுப்பில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார், வெறும் பிஸ்கட் பெட்டிகள், சவர்க்கார உறைகள், ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு. இலக்கம் வராத பிள்ளைக்கு நிறம் வரும்தானே, அதனால் தாள்க்காசை நிறத்தால் பழக்கினார், ஐம்பது நீலம், நூறு செம்மஞ்சள், ஐந்நூறு ஊதா, ஆயிரம் பச்சை. 2022இல் சாமான் விலை எல்லாம் ஏறியபோது அந்தக் கடையின் விலைச்சீட்டுகளையும் அவர் மாற்றி எழுதினார், இல்லாவிட்டால் பிள்ளைகள் வெளியில் போய் முப்பது ரூபாவைக் கொடுத்துவிட்டு பணிஸ் கேட்பார்கள் என்று. இன்றைக்கு என் மகள் சந்திக் கடைக்குப் போய்ப் பாண் வாங்கிவருகிறாள். மிச்சக் காசு சரியா என்று பார்க்க அவளுக்கு இன்னும் தெரியாது. கடைக்காரத் தம்பிக்குத் தெரியும், அவர் துண்டில் எழுதி அனுப்புவார்.

பேச்சு. நாங்கள் எல்லாரும் அவளுக்குக் கதை வராது என்று முடிவெடுத்துவிட்டோம். சேர்ந்து நான்கைந்து மாதத்தில் ரீச்சர் ஒரு நாள் கேட்டார், “அம்மா, பின்னால நின்று கூப்பிட்டா பிள்ளை திரும்புறாளா?” யோசித்துப் பார்த்தால் திரும்புவதில்லை. சொல்வழி கேளாத பிள்ளை என்று நான் அதற்கு ஏசியிருக்கிறேன். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டுவது அடிக்கடி வரும், கேள்வித்திறனை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். மாதக்கணக்காகக் காத்திருந்து காட்டியபோது இரண்டு காதிலும் நீர். மருந்து கொடுத்துப் பார்த்து, பிறகு ஒரு சின்னச் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு அவள் சொன்ன சொற்களை நான் எண்ணவில்லை, எண்ண நேரமில்லாமல் வந்துகொண்டே இருந்தன. ஆறு வருடம் ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கிய எனக்குத் தெரியாததை வகுப்பில் நின்ற ஒரு ரீச்சர் கண்டுபிடித்தார். அந்த அலகுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்றால் முதலில் இதற்குத்தான்.

பேச்சுச் சிகிச்சை, இயன்மருத்துவம் எல்லாம் அலகுக்கே வந்து தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது ஆஸ்பத்திரியில்தான். சிகிச்சையாளர்கள் குறைவு, திகதி கிடைப்பது தாமதம், உள் கிராமங்களில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். எங்கள் ரீச்சர் செய்தது, ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த பயிற்சியை நான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் அதை வகுப்பில் தினமும் செய்விப்பார். ஊதுகுழல் ஊதுவது, குமிழி விடுவது, நாக்கை மேலே தொடுவது. நீங்களும் அப்படி எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிற ஆள் தாய் ஒருத்திதான், வேறு வழி இல்லை.

பிறகு 2020. பங்குனியில் பாடசாலைகள் மூடினார்கள். மூத்தவளுக்கு சூமில் வகுப்பு நடந்தது, சிக்னல் தேடிக் கிணற்றடியில் போய் இருப்பாள். அலகுப் பிள்ளைகளுக்கு சூம் என்றால் என்ன விளங்கும்? ரீச்சர் வட்ஸ்அப்பில் தன் குரலை அனுப்புவார், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நிமிடம். புளியங்கொட்டை ஐந்து எடு, சிரட்டையில் போடு. மகள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பாள். என்றாலும் நிறைய மறந்துபோனாள். தெறி பூட்டுவது போய்விட்டது, கழிப்பறைக்குச் சொல்லிப் போகிற பழக்கமும் போனது. மற்றப் பிள்ளைகள் விட்ட இடத்தில் தொடங்குவார்கள், எங்கள் பிள்ளைகள் பல படி கீழே இறங்கித் தொடங்க வேண்டும். இதைக் கல்வி அலுவலகங்களில் இருக்கிறவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எதையாவது மூடும்போது முதலில் மூடுகிற வகுப்பும் கடைசியாகத் திறக்கிற வகுப்பும் இதுதான்.

2022இல் எண்ணெய் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து அலகுக்கு ஆறு கிலோமீற்றர், பஸ் நேரத்துக்கு வராது, வந்தாலும் சனத்துக்குள் அவளை ஏற்ற முடியாது, அதனால் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஓட்டோ பிடித்திருந்தோம். ஓட்டோ நின்றுவிட்டது. என் கணவர் சைக்கிள் கரியரில் தலையணை கட்டி அவளை ஏற்றிக்கொண்டு போவார், வாய்க்கால் வீதியால், பிறகு அங்கிருந்து வயலுக்கு. மூளை வாதம் உள்ள பையனின் தாய் தனியாள், அவரால் அப்படிக் கொண்டுவர முடியவில்லை. அந்தப் பையன் அந்த வருடத்தோடு நின்றவன், திரும்ப வரவேயில்லை. கல்வி இலவசம், புத்தகம், சீருடைத் துணி இலவசம், அதெல்லாம் உண்மை, ஆனால் அலகுப் பிள்ளைக்கு உண்மையான செலவு ஓட்டோக் காசு. எங்களுக்கு இப்போது பங்கு மட்டும் மாதம் 7,000 ரூபா போகிறது. வலுவிழந்தோருக்கான மாதக் கொடுப்பனவு 2024இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனபோது நாங்கள் மூன்று தாய்மாரும் சந்தோசப்பட்டோம், அது அப்படியே ஓட்டோவுக்குப் போனது. ஒரு பாடசாலை வான் இருந்தால், பிரதேசத்துக்கு ஒன்று இருந்தால் போதும், இந்த மாவட்டத்தில் வீட்டுக்குள் இருக்கிற எத்தனையோ பிள்ளைகள் வெளியில் வருவார்கள்.

இனி அந்த எட்டு மாதம். 2023இல் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இத்தனை வருடம் இங்கே வாடகை அறையில் இருந்தவர், தாய்க்குச் சுகமில்லை, அவர் போனதில் நான் பிழை சொல்லவே மாட்டேன். ஆனால் அவருக்குப் பதில் ஒருவரும் வரவில்லை. முதல் வாரம் அயல் வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்தார். இரண்டாம் வாரம் பிள்ளைகளுக்குக் களிமண்ணைக் கொடுத்துவிட்டு விட்டார்கள். மூன்றாம் வாரம் “அம்மா, ரீச்சர் வந்தாப் பிறகு அனுப்புங்கோ” என்று சொல்லிவிட்டார்கள். மகள் தினமும் காலையில் சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். ஓட்டோ வராது. இதை எட்டு மாதம் பார்த்தேன். நான் கடிதம் எழுதினேன், நாங்கள் ஒன்பது பெற்றோர் சேர்ந்து கையெழுத்து வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம், இரண்டு தரம் போனோம், ஆள் இல்லை, விசேட கல்விப் பயிற்சி பெற்ற தமிழ்மொழி ஆசிரியர்கள் குறைவு, பார்ப்போம் என்றார்கள். கணித ஆசிரியர் இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் எட்டு மாதம் இருந்திருந்தால் ஊரே வாசலில் நின்றிருக்கும். எங்களோடு ஒருவரும் நிற்கவில்லை.

புது ரீச்சர் 2024இல் வந்தார். இளம்பிள்ளை, இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி, வீடு இங்கே இருந்தால் அவ்வளவு கெதியில் போகமாட்டார். பழைய ரீச்சரின் கைராசி இன்னும் வரவில்லை, ஓட்டிசம் உள்ள பிள்ளை கத்தினால் இவரும் பதறிவிடுவார், ஆனால் எழுதி வைக்கிற பழக்கம் இவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் என்று ஒரு கோவை, இந்தத் தவணை என்ன பழக்குகிறோம், எதில் நிற்கிறோம் என்று. பழைய ரீச்சர் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்தார், அவர் போனபோது அதுவும் அவரோடு போய்விட்டது. என் மகளுக்கு ‘ட’வில் தொடங்கிய கதையை நான்தான் புது ரீச்சருக்குச் சொன்னேன். நீங்கள் சேர்க்கும்போது அந்தக் கோவையைக் கேளுங்கள், தவணைக்கு ஒரு பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள்.

கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடமாட்டேன். அலகுக்கு என்று ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், பிடிகம்பியும் இருக்கிறது. கதவின் கொழுக்கி இரண்டு வருடமாக உடைந்திருந்தது, தண்ணீரை வாளியில் கொண்டுபோக வேண்டும். சரிவுப்பாதை ஒன்றும் இருக்கிறது, பிறகு ஒட்டவைத்ததுபோலச் செங்குத்தாக. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பார்கள், இது நான்கடி கூட வராது, சக்கர நாற்காலியை இரண்டு பேர் பிடித்துத் தள்ள வேண்டும். ஷெல் விழுந்து கால் போனவர்களும் முள்ளந்தண்டு அடிபட்டவர்களும் இத்தனை பேர் வாழ்கிற மண்ணில், 2009க்குப் பிறகு புதிதாகக் கட்டிய கட்டடங்களிலேயே இப்படி இருப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மகள் போன வருடம் பெரியபிள்ளையானாள். அதற்கு ஆறு மாதம் முன்பே புது ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, இப்பவே பழக்கினாத்தான் அந்த நேரம் பிள்ளை பயப்படமாட்டாள்” என்றார். ஒரு துணிப் பொம்மை, உள்ளாடை, சிவப்பு மை, மாதவிடாய்ப் பாட். எப்படி வைப்பது, எப்படிச் சுற்றிப் போடுவது, எங்கே இதைப் பற்றிக் கதைக்கலாம், எங்கே கதைக்கக்கூடாது, யார் தொடலாம், யார் தொடக்கூடாது, யாரிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும். நானும் அதே பொம்மையை வீட்டில் செய்து பழக்கினேன். அந்த நாள் வந்தபோது அவள் அழவில்லை, என்னிடம் வந்து “அம்மா, பொம்மை” என்றாள். சொந்தக்காரர் சிலர் இவளுக்கு எதற்குச் சாமத்தியவீடு என்று கேட்டார்கள். மூத்தவளுக்குச் செய்ததைப் போலவே செய்தேன், இரண்டு ரீச்சர்மாரையும் கூப்பிட்டேன், இரண்டு பேரும் வந்தார்கள். கழிப்பறைக் கதவுக்கு அதற்கு அடுத்த கிழமை என் கணவர் போய்க் கொழுக்கி போட்டுக்கொடுத்தார். பெண்பிள்ளை இருக்கிற தாய்மார் இந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள், கதவும் தண்ணீரும்.

அலகுக்குள்ளேயே பிள்ளை நாள் முழுக்க இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. இது என் மனதில் மெதுவாக வந்த எண்ணம். முதல் வருடங்களில் அலகு ஒரு தீவு மாதிரி இருந்தது, இடைவேளை கூட வேறு நேரம், மற்றப் பிள்ளைகள் அதை ‘விசர் வகுப்பு’ என்பார்கள், மூத்தவள் அந்தச் சொல்லைக் கேட்டு அழுதுகொண்டு வந்திருக்கிறாள். பழைய ரீச்சர் இடைவேளையை ஒன்றாக்கினார். பிறகு மகளைச் சித்திரப் பாடத்துக்கும் நடனத்துக்கும் மட்டும் சாதாரண வகுப்புக்கு அனுப்பினார், கிழமைக்கு நான்கு பாடவேளை. அங்கே அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை அவளுக்கு நிறம் எடுத்துக் கொடுப்பாள், பிறகு அந்தப் பிள்ளை அவளோடு கடைக்கும் வருவாள், இப்போது எங்கள் வீட்டுக்கும் வருவாள். “விசர்” என்ற சொல் அந்த வகுப்பில் நின்றுபோனது. ஒருவரும் அதற்குப் புத்திமதி சொல்லவில்லை, கூட இருந்து பழகியதால் நின்றது. உட்படுத்தல் கல்வி என்று கூட்டங்களில் பெரிதாகச் சொல்வது எனக்கு விளங்கியது அந்த நான்கு பாடவேளையில்தான். மூளை வாதம் உள்ள அந்தப் பையனுக்கு மூளை நல்ல கூர்மை, எழுதுகிற கைதான் இல்லை, அவனுக்குச் சாதாரண வகுப்பும், பரீட்சைக்கு மேலதிக நேரமும், எழுதிக்கொடுக்க ஒரு ஆளும் போதும், பரீட்சைத் திணைக்களமே அதற்கு அனுமதி கொடுக்கிறது. அவனையும் களிமண் உருட்ட விட்டார்கள். அலகு இருக்கிறது என்பதற்காக எல்லாப் பிள்ளையையும் அதற்குள் போடுவது பிழை.

இல்ல விளையாட்டுப் போட்டியிலும் இதே சிக்கல். அலகுப் பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சி, பிரதம விருந்தினர் வந்து இருந்தவுடன் ஒரு பந்து பொறுக்கும் போட்டி, எல்லாருக்கும் பரிசு, படம் எடுத்து முடிந்துவிடும். சந்தோசம்தான், ஆனால் என் பிள்ளைக்கு இல்லம், அதாவது அணி, இல்லை. மூத்தவள் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு நிற்க, இவள் ரிப்பன் இல்லாமல் நின்றாள். போன வருடம் அதிபரிடம் கேட்டேன், அவர் யோசிக்காமல் ஓம் என்றார், இந்த வருடம் அலகுப் பிள்ளைகளை மூன்று இல்லத்துக்கும் பிரித்துவிட்டார்கள், அவர்கள் எடுக்கிற புள்ளியும் இல்லத்துக்குச் சேரும். இத்தனை சின்ன விசயத்தை இத்தனை வருடம் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதா, இங்கேயே வைப்பதா என்று கேட்கிறவர்களுக்கு: அது பிள்ளையைப் பொறுத்தது. இப்படியான பிள்ளைகளுக்கென்றே இருக்கிற கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையைப் பற்றி நல்லபடி கேள்விப்பட்டு நாங்களும் யோசித்தோம். தினமும் போய்வர முடியாத தூரம், இவளைப் பிரிந்து இருக்க எங்களால் முடியவில்லை, அதோடு இவள் வாழப்போவது இந்த ஊரில், இந்தச் சந்திக் கடையிலும் இந்தக் கோயிலிலும்தான், ஊருக்கு இவளைத் தெரிய வேண்டும் என்று விட்டுவிட்டோம். ஆனால் அலகில் இருந்த காது கேளாத இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியை அவளின் தாய் தகப்பன் கைதடி நவீல்ட் பாடசாலையில் விட்டார்கள், அது சரியான முடிவு. எங்கள் அலகில் சைகைமொழி தெரிந்தவர் இல்லை, ரீச்சருக்கு ஏழெட்டுச் சைகை தெரியும், அவ்வளவுதான். மொழியே இல்லாமல் ஒரு பிள்ளை வளரக்கூடாது. சைகைமொழி பேசுகிற பிள்ளைகளுக்கு நடுவில் போனபிறகு அவள் விடுமுறைக்கு வந்தபோது பார்த்தேன், கை நிற்கவில்லை, அத்தனை கதை. மற்றப் பிள்ளை இன்னும் அலகில்தான், அவனுக்கு யாரோடு கதைப்பது? பிரெயில் தேவைப்படுகிற பிள்ளைக்கும் இதையேதான் சொல்வேன், பிரெயில் தெரிந்த ஆசிரியர் உள்ள இடத்தைத் தேடுங்கள்.

புள்ளி போடுங்கள் என்றால், இரண்டு ரீச்சர்மாருக்கும் ஐந்துக்கு ஐந்து. போக்குவரத்துக்குப் பூச்சியம், ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. கழிப்பறைக்கு ஒன்று, அதுவும் என் கணவர் போட்ட கொழுக்கிக்கு. அதிபருக்கு நான்கு. ஆசிரியர் இல்லாத எட்டு மாதத்துக்கு யாருக்குப் புள்ளி குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதைக் கழிக்காமல் விடமுடியாது.

இனி எனக்கு இருக்கிற கவலை அடுத்த மூன்று வருடம். 16 வயதுக்குப் பிறகு என்ன? அலகில் அதற்கு ஒரு பதிலும் இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு தையல் மெஷினோ, நாற்றுமேடையோ, தேங்காய்த்தும்பு வேலையோ இப்போதே தொடங்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தி தந்திருக்கிறார்கள். மகள் அதில் கத்தரி நட்டிருக்கிறாள், பின்னேரம் வந்தவுடன் எத்தனை பூ என்று விரலில் காட்டுவாள், நேற்று ஏழு. முத்தையன்கட்டுத் தாயை வருகிற திங்கள் மகனோடு வரச் சொல்லியிருக்கிறேன், நானும் ரீச்சரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர்கள் இருக்கிற இடம் எங்கள் அலகுக்குத் தூரம்தான், கிட்டடியில் வேறு அலகு இருந்தால் அதில்தான் சேர்க்க வேண்டும், என்றாலும் ஒரு நாள் வந்து வகுப்பில் இருந்து பார்த்தால் பிள்ளைக்கு அடிப்பார்களோ என்ற பயம் போகும்.